முதலாளி கடையில் இருக்கும்போது

மறுபடியும் நின்றுவிட்டது. பில் பாதியில் நிற்கிறது. வாங்குகிறவர் பெயர் விழுந்துவிட்டது, சரக்கின் பெயர் விழவில்லை, திரை நடுவில் அந்தச் சனியன் பிடித்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பில்லம்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டாலும் குற்றம், தொடாவிட்டாலும் குற்றம் என்று ஆகிப்போன பிறகு கையை வேறெங்கே வைத்துக்கொள்வது?

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பெயிண்டர் மேஸ்திரி நின்றிருந்தார். ப்ரைமர் தெறித்துக் காய்ந்த சட்டை, காதில் செருகிய பென்சில். ஆட்களெல்லாம் வேலை இடத்தில் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பார்களே என்ற கவலை அவருக்கு.

"என்னம்மா, தூங்கிடுச்சா?"

"எந்திரிச்சிடும் மேஸ்திரி. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். செவுரும் பொறுக்கும். வீட்டுக்காரன் பொறுக்க மாட்டானே."

டப்பா அலமாரிக்குப் பின்னாலிருந்து முதலாளியின், அதாவது அவள் புருஷனின், குரல் வந்தது. "என்ன, ஆரம்பிச்சிட்டியா?"

மெஷின் நின்றால் 'நின்னுடுச்சா' என்று கேட்பது உலக வழக்கம். முதலாளி அப்படிக் கேட்க மாட்டார். 'ஆரம்பிச்சிட்டியா' என்பார், கட்டின பெண்டாட்டி ஏதோ சாமியாட்டம் ஆடத் தொடங்கிவிட்ட மாதிரி. அதைக் கேட்கும்போதெல்லாம் பில்லம்மாவுக்குச் சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வாள். கடை, நாலு பேர் வந்து போகிற இடம்.

பெயிண்ட் கடை கீழே, வீடு மேலே. காலையில் ஷட்டரைத் தூக்கினால் தின்னர் வாடை முகத்தில் அறையும். இடப்பக்கம் கலர் கலக்கும் மெஷின், அதற்கும் டப்பாவைக் குலுக்கும் மெஷினுக்கும் நடுவில் கலர்காரர். அந்தக் குலுக்கு மெஷின் ஓடும்போது தரையே அதிரும். பக்கத்தில் நிற்பவனிடம் ரகசியம் பேசவேண்டுமென்றாலும் கத்தித்தான் பேசவேண்டும். வலப்பக்கம் பில்லம்மாவின் கவுண்டர். அவளுக்கு முதுகுப்பக்கம் கூரையைத் தொடும் அலமாரி, அதில் வரிசையாக டப்பாக்கள். அலமாரிக்குப் பின்னால் முதலாளியின் இடம்: ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், லாரிச் சரக்குக்குப் பெரிய பில் அடிக்கிற பெரிய பிரிண்டர். சின்ன பில்லுக்குச் சுருள் காகிதம் ஓடுகிற குட்டி பிரிண்டர் அவள் பக்கத்திலேயே இருந்தது. பெரிய பில் போடும்போது "அடிக்கிறேங்க" என்று குரல் கொடுப்பாள், அவர் அங்கே எடுத்துக் கையெழுத்துப் போட்டு லாரிக்காரனிடம் கொடுப்பார். அலமாரிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று இவளுக்குத் தெரியாது, இந்தப் பக்கம் நடப்பது அவருக்குத் தெரியாது. குரல்தான் போய்வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் கார்பன் பேப்பர் வைத்து எழுதிய காலத்திலிருந்து இந்த நாற்காலி அவளுடையது. மேலே அடுப்படியில் அவள் யாருக்கோ மருமகள், யாருக்கோ அம்மா. கீழே இறங்கி வந்து இதில் உட்கார்ந்தால் பில்லம்மா. ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைவிட அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. கேட்டால் வெட்கமில்லாமல் சொல்லுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, சின்னவர் வந்து கைவைக்கிற வரைக்கும். சின்னவர் முதலாளியின் தம்பி. வேறு ஊரில் கம்ப்யூட்டர் வேலை. லீவுக்கு வந்தவர், மேசைக்கு அடியிலிருந்த பெட்டியைக் காலால் தட்டி, "இன்னும் இதுலயா அண்ணி கணக்கு வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். கணக்கு சாஃப்ட்வேரைக் கொண்டுபோய் எங்கோ கண்காணாத ஊரில் வாடகைக்குக் கிடைக்கிற சர்வரில் ஏற்றிவிட்டார். இனிமேல் மெஷின் அங்கே, திரை மட்டும் இங்கே. ஆடிட்டர் அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம், சின்னவர் அவர் ஊரிலிருந்தே பார்க்கலாம். எல்லாரும் பார்க்கலாம், பில்லம்மா ஒருத்தியால்தான் பில் போட முடியவில்லை.

நாள் முழுக்க நிற்காது. அதுதான் கொடுமை. ஒரேயடியாகப் படுத்துவிட்டால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டலாம். இது நன்றாக ஓடும், ஓடும், திடீரென்று நின்றுவிடும். ஒரு காபி ஆறுகிற நேரம் அப்படியே கிடக்கும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடும். சர்வர்க்காரனைக் கேட்டால் உங்கள் நெட் சரியில்லை என்றான். நெட்காரன் வந்து வயரை மாற்றிப் பார்த்துவிட்டு, சர்வர்க்காரனைக் கேளுங்கள் என்று போனான். மழை பெய்து குளிர்ந்த நாட்களில் மட்டும் ஒழுங்காக ஓடியது. அதற்கும் சின்னவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"வெயிலுக்கு மோடம் சூடாகுது அண்ணி. ஐஸ் வைக்கச் சொல்லல, கொஞ்சம் காத்து படற எடத்துல வைங்க."

"வெச்சாச்சு தம்பி. அதுக்குப் பட்ட காத்து எனக்குப் பட்டிருந்தா நான் தேறியிருப்பேன்."

"அப்ப நீங்க வேகமா அடிக்கிறீங்க. அதுக்கு மூச்சு விட டைம் குடுங்க."

"வேகமா அடிச்சாத்தான் தம்பி கடை. மெதுவா அடிக்க இது என்ன கல்யாணப் பத்திரிகையா?"

முதலாளியிடம் வேறொரு கணக்கு இருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அதை எடுத்து வைத்தார்.

"நானும் பாத்துக்கிட்டுத்தான் வரேன். நான் பேங்க்குக்குப் போனா ஓடுது. சாப்பிட மேல வந்தா ஓடுது. நான் வந்து என் எடத்துல உக்காந்தா நிக்குது. என்ன அர்த்தம் இதுக்கு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் பக்கத்துல இருக்கறது ஒனக்குப் பிடிக்கல. நான் இருந்தா ஒனக்குக் கை ஓடல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பில்லம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் போட்டாள். சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. "இத்தனை வருசமா நீங்க பக்கத்துல இருந்தப்பதானே ஆடுனேன்? அப்ப கூடம் நேராத்தான் இருந்துச்சு."

"அப்ப வயசு இருந்துச்சு" என்றார் முதலாளி, குழம்பை ஊற்றிக்கொண்டே. சாதாரணமாகத்தான் சொன்னார். சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்கு எரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பச்சை வந்து சேர்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு வாழைக்குருத்துப் பச்சை, வாளி வாளியாக ஆர்டர். பில்லம்மா போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை நின்றது. அலமாரிக்குப் பின்னாலிருந்து, "அடி, இன்னொருக்கா அடி, நல்லா அழுத்தி அடி!" என்று முதலாளி கத்தினார். அடித்தாள். மறுபடி கத்தினார், மறுபடி அடித்தாள். வட்டம் போய்த் திரை உயிர்பெற்றபோது அத்தனை அடியும் தனித்தனி ஆர்டராக விழுந்திருந்தது. வாசலில் வேறொரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் அவளும் கவனிக்கவில்லை. கலர்காரர் தன் பக்கத்துத் திரையில் விழுந்ததைக் கலக்கிவிட்டார். கலக்கின பெயிண்டை எந்தக் கம்பெனியும் திரும்ப எடுக்காது. அந்தப் பச்சையை ஊரில் வேறு எவனும் சுவரில் பூசமாட்டான். வாளிகள் படிக்கட்டுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டன.

முதலாளி கடை நடுவில் நின்று கத்தினார். மேஸ்திரி இருந்தார், கலர்காரர் இருந்தார், டிஸ்டெம்பர் வாங்க வந்த புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள்.

"ஒருதரம் போட்டத மறந்துட்டு மறுபடி மறுபடி போட்டிருக்கா! மண்டையில என்னதான் வெச்சிருக்க நீ?"

"நீங்கதானே அடி அடின்னு கத்துனீங்க?"

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

அவள் கலர்காரரைப் பார்த்தாள். குலுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாகவும், எதுவும் காதில் விழவில்லையென்றும் அவர் கையை விரித்தார். பொய்யில்லை, உண்மையாகவே விழுந்திருக்காது. ஆனால் முதலாளியின் முகத்தில் ஒரு சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. அவ்வளவு உறுதியாக ஒரு மனிதன் இல்லையென்று சொன்னால், சொல்லாததைத்தான் நாம் கேட்டோமோ என்று தோன்றிவிடும். பில்லம்மாவுக்குத் தோன்றியது. அன்றையிலிருந்து அவள் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தாள். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தாள். ஒரு பில் போட்டால் போட்டோமா என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். நினைத்துப் பாருங்கள், ஒரு மனுஷியைத் தன் மண்டையையே நம்பாதபடி ஆக்குவதைவிடப் பெரிய பாவம் உண்டா?

முடிவையும் முதலாளியே எடுத்தார். அவருடைய பெரியக்கா வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறார். மாதம் பிறந்ததும் அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

"மச்சான்கிட்டப் பேசிட்டேன். நீ மேல நிம்மதியா ரெஸ்ட் எடு."

"நான் ரெஸ்ட் கேட்டேனா?"

"கேக்காமயே குடுக்கறேன்ல, சந்தோசப்படு."

பில்லம்மா அன்றைக்கு அழவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் மட்டும்தான் வந்தது, அதுவும் போக்கிடமில்லாத கோபம். பாத்திரம் துலக்கினால் பாத்திரத்தில் இறங்கியது, துணி பிழிந்தால் துணியில் இறங்கியது.

மறுநாள் காலை வெயில் மண்டையைப் பிளந்தது. பில்லம்மா யாரையும் கேட்காமல் சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட் நம்பருக்குப் போன் போட்டாள். போகிற நாற்காலி, போவதற்கு முன்னால் ஏன் என்றாவது தெரிந்துகொண்டு போகிறேன் என்ற வீம்பு. எடுத்தது ஒரு பெண். ஊரெல்லாம் திட்டியதைக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த குரல்.

"உங்க ஸ்க்ரீனை இங்கேருந்தே நான் எடுத்துக்கறேன் மேடம். நீங்க வேலையப் பாருங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

முதலாளி வாசலில் லாரிக்காரனோடு நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். பில்லம்மா ஒரு பில் போட்டாள். ஓடியது. இன்னொன்று. ஓடியது.

"நல்லாத்தானே ஓடுது மேடம்?"

"அவசரப்படாதம்மா. அவரு வரட்டும்."

"யாரு மேடம்?"

"மொதலாளி. அவரு வந்து உக்காந்தாத்தான் நிக்கும்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுபட்டது. சிரிப்பை அடக்குகிற மூச்சு அது. பில்லம்மாவுக்குப் புரிந்தது. "நீயும் சிரிச்சுக்கோம்மா. எல்லாரும் சிரிக்கறாங்க. போனை மட்டும் வெச்சிடாத."

"சிரிக்கல மேடம்" என்றது அந்தக் குரல், இந்தத் தடவை வேறு மாதிரி. "வைக்க மாட்டேன். அவரு வரட்டும், பாக்கலாம்."

முதலாளி வந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "யாரோட அரட்டை?" என்று கேட்டுக்கொண்டே அலமாரிக்குப் பின்னால் போனார். நாற்காலி கிரீச்சிட்டது. ஃபேன் ஓடத் தொடங்கியது. பில்லம்மா அடுத்த பில்லைத் திறந்தாள். வட்டம் வந்து உட்கார்ந்தது.

"நின்னுடுச்சும்மா!"

"பாத்தேன் மேடம். ஒரு நிமிசம்..." கீபோர்டு தட்டும் சத்தம். "மேடம், அங்க பெரிய பிரிண்டர் ஒண்ணு இருக்கா? அதை இப்ப யாராவது ஆஃப் பண்ணாங்களா?"

"பிரிண்டரா? நான் பிரிண்டே குடுக்கலியேம்மா. வெறும் பில்லைத்தானே தெறந்தேன்?"

"தெறக்கும்போதும், சரக்கு ஏத்தும்போதும் அது பிரிண்டரைக் கேக்கும் மேடம், பேப்பர் என்ன சைஸுன்னு. முன்னாடி ரெண்டும் ஒரே எடத்துல இருந்துச்சு, கேட்டுப் பதில் வரலன்னா விட்டுடும். இப்ப சாஃப்ட்வேர் அங்க, பிரிண்டர் உங்க கடையில. அங்கேருந்து இங்க கேட்டுட்டு, பதில் வரும் வரும்னு காத்துக்கிட்டு நிக்குது. போய்ப் பாருங்க, பிரிண்டர்ல லைட் எரியுதான்னு."

பில்லம்மா எழுந்து அலமாரியைச் சுற்றிக்கொண்டு போனாள். போன் காதில் இருந்தது. முதலாளி சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, ஃபேனுக்கு நேராக நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தார். சுவரில் இரண்டே இரண்டு பிளக் துளைகள். ஒன்றில் கம்ப்யூட்டர் வயர், ஒன்றில் ஃபேன் வயர். பிரிண்டரின் வயர் தரையில் கிடந்தது.

"எப்பலேருந்துங்க இதைப் புடுங்கறீங்க?"

முதலாளி கண்ணைத் திறந்தார். "எதை?"

"பிரிண்டர் வயரை."

"எப்பவும் செய்யறதுதானே? ஃபேனுக்கு வேற எடம் எங்க இருக்கு? நீ அடிக்கிறேன்னு சொன்னா மாட்டுவேன். அப்புறம் எடுப்பேன், எந்திரிச்சுப் போகும்போது மறுபடி மாட்டிட்டுத்தான் போவேன். என்ன இப்ப?"

அவள் குனிந்து ஃபேன் வயரைப் பிடுங்கினாள். பிரிண்டர் வயரைச் செருகினாள்.

"ஓடுது மேடம்!" என்றது போன்.

பிடுங்கினாள். "நின்னுடுச்சு மேடம்." செருகினாள். "ஓடுது." பிடுங்கினாள், செருகினாள், பிடுங்கினாள். நிறுத்தவில்லை. முதலாளி ஒவ்வொரு தடவையும் ஃபேனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் விளங்கியது.

கலர்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு தின்னர் வாங்க வந்திருந்த மேஸ்திரி. "அட, மொதலாளி காத்து வாங்கினதுலதான் நாங்க வெயில்ல நின்னோமா?" முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பை குலுங்கச் சிரித்தார். "ஒரு ஃபேனு! ஒரு ஃபேனுக்குப் போயி இத்தனை ஆர்ப்பாட்டம் பாத்தீங்களா!" தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டும் என்றார். சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்றார்.

"ப்ராப்ளத்தை க்ளோஸ் பண்ணிடவா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மெஷின் ப்ராப்ளத்தை க்ளோஸ் பண்ணிக்கோம்மா. நீ நல்லா இருப்ப." போனை இறக்கினாள். "சிரிக்காதீங்க."

யாருக்கும் கேட்கவில்லை.

"சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

குலுக்கு மெஷினை அதட்டுகிற குரல் அது. கடை அடங்கியது.

"என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு? பழி ஒரு எடம், பாவம் ஒரு எடம். கை ஓடலன்னீங்க. வயசாயிடுச்சுன்னீங்க. மண்டையில என்ன வெச்சிருக்கன்னு இந்த எடத்துல, இந்த மேஸ்திரி முன்னாடி, முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு முன்னாடி கேட்டீங்க. வயரைப் புடுங்குன கை உங்க கை. அடி அடின்னு கத்துன வாயி உங்க வாயி. அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன், தெரியுமா உங்களுக்கு? பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு எனக்கே பயம் வந்துச்சு. அது உங்களுக்குச் சிரிப்பா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். கலர்காரர் ஏற்கெனவே துடைத்த டப்பாவை மறுபடி துடைத்தார்.

"சரி சரி, விடு" என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. "தெரியாம நடந்துபோச்சு. இப்பத்தான் சரியாயிடுச்சுல்ல? நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொரு பிளக் போட்டுடலாம். மச்சானும் வந்து நல்லா வேலை பாக்கட்டும்."

பில்லம்மா தான் கேட்டது சரிதானா என்று ஒரு நொடி நின்றாள். பழைய பழக்கம். சரியாகத்தான் கேட்டிருந்தது.

"அண்ணன் எதுக்கு இன்னும் வரணும்?"

"வாக்குக் குடுத்தாச்சு. மனுசன் ஆசையா இருக்காரு. இப்ப போயி வேணாம்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? கொஞ்ச நாளைக்குத்தான். நீ மேல..."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கவுண்டருக்குத் திரும்பிவந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். போனில் பெரியக்கா வீட்டுக்காரரின் நம்பரைத் தேடிப் போட்டு, சத்தமாகக் கேட்கிற பொத்தானை அமுக்கிக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"அண்ணே, நான்தான் பேசறேன்."

"சொல்லும்மா, சொல்லு. ஒடம்பு எப்படி இருக்கு?"

"ஒடம்புக்கு என்னண்ணே? நல்லாத்தான் இருக்கேன்."

"மறைக்காதம்மா, நான் யாரு, ஒன் அண்ணன் மாதிரி. ஒன் வீட்டுக்காரரு எல்லாம் சொன்னாரு. ஒனக்கு ஞாபகமே நிக்க மாட்டேங்குது, சொன்னது, செஞ்சது எல்லாம் மறந்துபோகுது, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும், வெளிய சொல்ல வேணாம்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. அதனாலதான் நானே வரேன்னு ஒத்துக்கிட்டேன். இல்லன்னா ஒன் எடத்துக்கு நான் வருவேனா?"

அந்த நல்ல மனிதரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. அலமாரிக்குப் பக்கத்தில் முதலாளி வந்து நின்றிருந்தார். போனை அணைக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சில் திறந்துகிடந்த பொத்தான்களைப் போடத் தொடங்கினார்.

பில்லம்மாவின் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"நீங்க வர வேண்டாம்ணே. உங்கமேல எனக்கு வருத்தமில்ல. பில்லை நான்தான் போடறேன், இனிமேலும் நான்தான் போடுவேன்."

"அப்ப அந்த மறதி...?"

பில்லம்மா முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"ஞாபகமெல்லாம் நல்லா இருக்குண்ணே. இவரு சொன்னது, செஞ்சது ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. இனிமே அதோடதான் இவரு குடித்தனம் பண்ணணும்."